கப்பலைக் கொண்டுவருவது ஈஸி... காப்பாத்துறதுதான் கஷ்டம்! நாவாய் அருங்காட்சியகத்துக்கு லோயர் கேம்ப் தரும் பாடம்

கம்பத்திலிருந்து குமுளிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு காட்சியைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். மலை மேலிருந்து லோயர் கேம்ப் மின் நிலையத்தை நோக்கி இறங்கும் நான்கு ராட்சத குழாய்கள். ‘அது என்ன குழாய்?’ என்று பிள்ளைகள் கேட்டால், ‘கரண்ட் எடுக்கிற குழாய்’ என்பதோடு பெரும்பாலும் பதில் முடிந்துவிடும்.

ஆனால் அந்தக் குழாய்க்குள் ஓடுவது கம்பம் பள்ளத்தாக்கின் உயிர். மேற்கே அரபிக்கடலுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய கதை அது. இவ்வளவு பெரிய பொருள் கண்முன்னால் நிற்கிறது. ஆனாலும் கதை கண்ணுக்குத் தெரியவில்லை.

இதே சிக்கல்தான் உலகத்தில் உள்ள கடல்சார் அருங்காட்சியகங்கள் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. கப்பல், நீர்மூழ்கி, நங்கூரம், தூக்குப் பாலம் மாதிரியான பெரிய பொருட்களை எங்கே வைப்பது, எப்படிக் காப்பது, பார்க்க வருகிறவருக்கு எப்படிப் புரிய வைப்பது? ராமநாதபுரத்துக்கு நாவாய் அருங்காட்சியகம் அறிவிக்கப்பட்டிருக்கும் நேரத்தில், இந்தக் கேள்வி தேனிக்கும் சேர்த்துத்தான்.

நாவாய் அருங்காட்சியகம்: அறிவிப்பு என்ன?

2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த தமிழக பட்ஜெட்டில் இரண்டு புதிய அருங்காட்சியகங்கள் அறிவிக்கப்பட்டன. ஒன்று ஈரோடு மாவட்டத்தில் 22 கோடி ரூபாயில் நொய்யல் அருங்காட்சியகம். இன்னொன்று ராமநாதபுரத்தில் 21 கோடி ரூபாயில் நாவாய் அருங்காட்சியகம். பாண்டியர்களின் கடல் வணிகப் பெருமையைச் சொல்வது இரண்டாவதன் நோக்கம்.

நாவாய் என்றால் பெரிய மரக்கலம். சங்க இலக்கியத்திலேயே புழங்கிய சொல். கலம், வங்கம், தோணி, அம்பி என்று கப்பலுக்கும் படகுக்கும் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் சொல்லை வைத்து அருங்காட்சியகம் நடத்த முடியாது. மக்கள் பொருளைப் பார்க்கத்தான் வருவார்கள்.

சரி, தேனிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

வைகைதான் சம்பந்தம். தேனி மாவட்டத்தின் வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை வழியாக ராமநாதபுரம் போகிறது. அதன் கழிமுகப் பகுதியில் இருக்கும் அழகன்குளத்தில் 1986-87 முதல் தமிழகத் தொல்லியல் துறை பல கட்டமாக அகழாய்வு செய்தது. ரோமானியர் காலப் பானை ஓடுகள் அங்கே கிடைத்தன. கப்பல் உருவம் கீறப்பட்ட ஓர் ஓடும் கிடைத்தது. அதாவது நாவாய் அருங்காட்சியகம் சொல்லப்போகும் கடலும், கம்பம் பள்ளத்தாக்கின் மலையும் ஒரே ஆற்றின் இரண்டு முனைகள்.

இரண்டாவது சம்பந்தம் முல்லைப் பெரியாறு. 1887-இல் தொடங்கிய அணை வேலை 1895-இல் முடிந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 10 அன்று சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். கட்டியவர் ஜான் பென்னிகுவிக். கட்டுமானத்துக்கான சுண்ணாம்புக்கல் குருவனூத்துப் பக்கமிருந்து கம்பிவட ரோப்வேயில் மலையேறி தேக்கடிக்குப் போனது. அங்கிருந்து அணை கட்டும் இடத்துக்கு ஆற்று வழியாகப் படகில் போனது. கடலே இல்லாத ஊரில் ஒரு படகுத் துறை இயங்கியிருக்கிறது.

மூன்றாவதாக ஒரு சொல். மதகைத் திறந்து மூடும், வாய்க்காலைக் காவல் காக்கும் நீர்வளத்துறைப் பணியாளரை இன்றைக்கும் ‘லஸ்கர்’ என்றுதான் சொல்கிறார்கள். பழைய ஐரோப்பியக் கப்பல்களில் வேலை பார்த்த இந்திய மாலுமிகளின் பெயர் அது. கப்பலிலிருந்து இறங்கி, கால்வாய்க் கரையில் வந்து நின்றுவிட்டது.

பெரிய பொருள்னா ஏன் பெரிய தலைவலி?

காசு, பானை ஓடு என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடலாம். கப்பலை எந்தப் பெட்டிக்குள் வைப்பது?

முதல் பிரச்சினை எடை. கப்பல் தண்ணீரில் மிதப்பதற்காகக் கட்டப்பட்டது. நாலா பக்கமும் தண்ணீர் தாங்கும்போதுதான் அதன் உடல் நேராக நிற்கும். கரையேற்றி இரண்டு மூன்று இடத்தில் மட்டும் முட்டுக் கொடுத்தால், எடை முழுவதும் அந்த இடங்களில் இறங்கும். நாளாக நாளாக உடல் தொய்யும்.

இரண்டாவது உப்பு. கடலில் கிடந்த இரும்புக்குள் உப்பு ஊறியிருக்கும். மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும், காற்றில் ஈரம் இருக்கும்வரை உள்ளிருந்து துரு கிளம்பும். ராமநாதபுரம் போன்ற கடற்கரை மாவட்டத்தில் காற்றே உப்புதான்.

மூன்றாவதைப் பலரும் யோசிப்பதில்லை. பெரிய பொருள் தானே பேசாது. ‘எவ்ளோ பெருசு!’ என்று வியந்து, செல்ஃபி எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். எதற்காகச் செய்தார்கள், யார் இழுத்தார்கள், யார் செத்தார்கள் என்பதெல்லாம் பொருளைப் பார்த்தால் மட்டும் தெரியாது. அதைச் சொல்வதற்குத்தான் விளக்கக் காட்சி. பலகை, மாதிரி உருவம், ஒலி, நடைபாதை, வழிகாட்டி எல்லாம் சேர்ந்தது அது.

விக்ராந்த், வாக்லி, குர்சுரா: மூன்று கலம், மூன்று முடிவு

ஐ.என்.எஸ். விக்ராந்த் இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பல். 1997 ஜனவரி 31 அன்று ஓய்வு பெற்றது. மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாக வைக்கப்பட்டது. பாதுகாப்பு இல்லை என்று 2012-இல் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டது. நிரந்தரமாக நடத்தப் பணம் போட யாரும் முன்வராததால், 2014-இல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு உடைப்புக்கு விற்கப்பட்டது. 1971 போரில் வங்கக் கடலில் நின்ற கப்பல் பழைய இரும்பு விலைக்குப் போனது.

ஐ.என்.எஸ். வாக்லி நம்ம ஊர்க் கதை. 1974-இல் படையில் சேர்ந்த இந்த நீர்மூழ்கி 2010 டிசம்பரில் ஓய்வு பெற்றது. மாமல்லபுரத்தில் கடல்சார் அருங்காட்சியகமாக வைக்கத் தமிழகம் திட்டமிட்டது. சென்னைத் துறைமுகம் வரை கலமும் வந்தது. மாமல்லபுரக் கரைக்கு வந்து சேரவே இல்லை.

ஐ.என்.எஸ். குர்சுராவின் கதை வேற மாதிரி. 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்ற இந்த நீர்மூழ்கி, 2002 ஆகஸ்டில் விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் அருங்காட்சியகமாகிவிட்டது. 91 மீட்டர் நீளக் கலம். உள்ளே வழிகாட்டிகளாக ஓய்வுபெற்ற கடற்படையினரையே வைத்தார்கள். ‘இங்கேதான் படுத்தோம், இங்கேதான் சமைத்தோம்’ என்று அவர்கள் சொல்லும்போது இரும்புக்கு உயிர் வந்துவிடுகிறது.

மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் எங்கே? கலத்தை அடைவதில் எந்த மாநிலத்துக்கும் பெரிய தடை இருக்கவில்லை. எங்கே வைப்பது, வருஷா வருஷம் யார் செலவு செய்வது என்ற கேள்விக்கு முதலிலேயே பதில் இருந்த கலம் நின்றது. பதில் இல்லாத கலம் போனது.

வெளிநாடுகளில் என்ன செய்தார்கள்?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ‘கிரேட் பிரிட்டன்’ என்ற இரும்புக் கப்பல் இருக்கிறது. 1843-இல் வெள்ளோட்டம் கண்டது. ஃபாக்லாந்து தீவில் கைவிடப்பட்டுக் கிடந்ததை 1970-இல், தான் கட்டப்பட்ட அதே உலர்துறைக்கு இழுத்து வந்தார்கள். அடிப்பகுதி துருப்பிடித்துக்கொண்டே இருந்ததால், நீர்மட்டக் கோட்டில் கண்ணாடித் தளம் போட்டு, அதன் மேல் மெல்லிய அளவு தண்ணீர் விட்டார்கள். மேலிருந்து பார்த்தால் கப்பல் கடலில் மிதப்பதுபோல இருக்கும். கீழே இறங்கினால் காற்றின் ஈரப்பதம் சுமார் 20 சதவீதம்தான், பாலைவனம் மாதிரி. கப்பலைக் காப்பாற்றும் ஏற்பாடே காட்சியாகவும் ஆகிவிட்டது.

ஆனால் அந்தக் காற்றை உலர்த்தும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் பில் நிற்காது. அதை அப்படியே ராமநாதபுரத்தில் காப்பி அடித்தால், முதல் மின்தடையிலேயே திட்டம் ஆட்டம் காணும்.

ஸ்வீடனின் ‘வாசா’ மரக்கப்பல் 1628-இல் மூழ்கி, 1961-இல் மேலே எடுக்கப்பட்டது. மரம் காய்ந்து சுருங்காமல் இருக்க 17 ஆண்டுகள் ரசாயனக் கரைசலைத் தெளித்தார்கள். 1990-இல் தனி அருங்காட்சியகம் திறந்தார்கள். 2000-இல் மழை அதிகமான ஒரு கோடையில், நனைந்த உடையோடு வந்த கூட்டத்தின் ஈரத்தால் அரங்கின் ஈரப்பதம் ஏறியது. மரத்தில் அமிலப் படிவங்கள் தெரிய ஆரம்பித்தன. பார்க்க வருகிற கூட்டமே பொருளுக்கு ஆபத்தாகலாம் என்பது அங்கே கற்ற பாடம்.

இலங்கையின் காலியில் வேறொரு பாடம். 1659-இல் மூழ்கிய ‘அவோன்ட்ஸ்டர்’ என்ற டச்சுக் கப்பலிலிருந்து எடுத்த பொருட்களைப் பதப்படுத்திய ஆய்வகத்தை 2004 சுனாமி அடித்துச் சென்றது. 350 ஆண்டு கடலுக்குள் தாங்கிய பொருட்கள் கரைக்கு வந்த பிறகு தொலைந்தன. 1964 புயலில் தனுஷ்கோடியை இழந்த மாவட்டத்துக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

‘நீடித்து நிற்கும் காட்சி’ன்னா என்ன?

சோலார் பேனல் வைத்தால் மட்டும் போதாது. திறப்பு விழாவுக்குப் பத்து வருஷம் கழித்தும் அதே காட்சி, அதே ஊழியர்களை வைத்து, கட்டுப்படியாகும் செலவில் நடக்க வேண்டும். இதற்கு அடிப்படையாகச் சில விஷயங்களைச் சொல்லலாம்.

* எல்லாவற்றையும் ஏசி அறைக்குள் வைக்க வேண்டாம். பெரிய இரும்புப் பொருளுக்கு நல்ல கூரை, காற்றோட்டம், தண்ணீர் தேங்காத தரை இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஈரக் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டிய சிறு பொருட்களுக்கு மட்டும் மூடிய பெட்டி.

* அசல் வேண்டுமா, மாதிரி போதுமா என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். பாண்டியர் கால நாவாய் முழுசாக யாரிடமும் இல்லை. தோணி கட்டத் தெரிந்த தச்சர்களை வைத்து ஒரு மாதிரியைக் கட்டினால், கட்டும் வேலையே காட்சியாகும். பழுதானால் அதே கைகளால் சரிசெய்யலாம்.

* எழுத்துப் பலகை எதில் செய்யப்படுகிறது என்பது முக்கியம். ஃப்ளெக்ஸில் அடித்தால் வெயில் சீக்கிரம் வெளுத்துவிடும். பழைய ரயில் நிலையங்களின் எனாமல் பலகைகளும், கோயில் சுவரின் கல்வெட்டும் எத்தனை காலம் தாங்கின என்பதைக் கண்ணால் பார்த்த ஊர் இது.

* டச் ஸ்கிரீனை நம்பியே கதை சொல்லக் கூடாது. ஸ்கிரீன் அணைந்தாலும் கதை நிற்க வேண்டும். அது கூடுதல் வசதியாக மட்டும் இருக்கலாம்.

* மாறாத தகவலையும் மாறும் தகவலையும் ஒரே பலகையில் எழுதக் கூடாது.

கடைசிப் பாயின்ட்டுக்கு முல்லைப் பெரியாறே சரியான உதாரணம். அணை 1895-இல் திறக்கப்பட்டது, நீளம் 1,200 அடி, உயரம் 176 அடி. இதெல்லாம் கல்லில் செதுக்கலாம். ஆனால் நீர்மட்டம்? 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடி வரை தேக்கலாம் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேரளம் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. 2014 மே 7 அன்று அரசியல் சாசன அமர்வு 142 அடியை உறுதி செய்தது. இந்தப் பகுதி கழற்றி மாட்டும் பலகையில்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தீர்ப்பு வந்ததும் அருங்காட்சியகமே தப்பான தகவல் சொல்லும்.

லோயர் கேம்ப்பில் என்ன செய்யலாம்?

முல்லைப் பெரியாறு அணை கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசோடு போட்ட 999 ஆண்டு குத்தகையின்படி தமிழகம் அதை இயக்குகிறது. ஆனால் பொதுமக்கள் அங்கே போய்ப் பார்க்க முடியாது. அந்தத் தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. விளைவிக்கிற விவசாயிகளில் பெரும்பாலானோர் அணையை நேரில் பார்த்ததில்லை.

அதனால்தான் லோயர் கேம்ப் முக்கியம். 2013 ஜனவரி 15 அன்று அப்போதைய முதல்வர் ஜெயலலிதா திறந்து வைத்த பென்னிகுவிக் மணிமண்டபம் இங்கே இருக்கிறது. அவரது பிறந்தநாளான ஜனவரி 15-ல் ஊர் ஊராகப் பொங்கல் வைக்கிறார்கள். மரியாதை செய்ய இடம் இருக்கிறது. ‘தண்ணி எப்படி இந்தப் பக்கம் வந்துச்சு?’ என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில் கிடைக்க வேண்டும்.

பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. அணையின் நீளமான 1,200 அடியைத் தரையில் கோடு போட்டுக் குறிக்கலாம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் ஐந்து நிமிடம் ஆகும். எண்ணாகப் படித்தால் மறந்துவிடும் அளவு, காலால் நடந்தால் மறக்காது. கரண்ட் வேண்டாம், ஸ்கிரீன் வேண்டாம்.

ராட்சத குழாயின் வாயளவுக்கு ஒரு வளையத்தை நிறுத்தி வைத்தால், பிள்ளைகள் உள்ளே நின்று பார்ப்பார்கள். தேக்கடி தலைமதகு, சுரங்கம், போர்பை அணை, குழாய், மின் நிலையம் என்று தண்ணீர் வரும் வழியை ஒரு சரிவான சிமென்ட் மாதிரியில் காட்டலாம். மின் உற்பத்தி நிற்கும்போது தண்ணீர் இரைச்சல் பாலம் வழியாகப் போவதையும் அதிலேயே காட்டிவிடலாம். மேலே ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் கீழே வந்து சேர வேண்டும். அவ்வளவுதான் தொழில்நுட்பம்.

படகுகளும் இருக்கின்றன. அணைக்குப் போக தமிழக அதிகாரிகள் ‘கண்ணகி’, ‘ஜலரத்னா’ படகுகளைப் பயன்படுத்தி வந்தார்கள். புதிதாக வாங்கிய ‘தமிழன்னை’ படகு, கேரளத்தின் அனுமதி கிடைக்காமல் பல வருஷம் தேக்கடிக் கரையிலேயே நின்றது. இந்தப் படகுகள் ஓய்வு பெறும்போது எங்கே போகும்? ஏலத்துக்கா, லோயர் கேம்ப்புக்கா? இரண்டு மாநிலத் தகராறை ஒரு பிள்ளைக்குப் புரிய வைக்க, கரையில் நின்ற ஒரு படகை விடப் பொருத்தமான பொருள் கிடைக்காது.

யாருடைய கதையைச் சொல்வது?

அணை கட்டும்போது நோயால் இறந்தவர்கள் 483 பேர் என்கிறது அதிகாரபூர்வ கணக்கு. மலேரியாதான் பெரிய எமன். அணைக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கு இடுகாடு இருக்கிறது. அணையைப் பார்க்க முடியாதவர்கள் அந்த இடுகாட்டை எப்படிப் பார்ப்பார்கள்?

பென்னிகுவிக்குக்கு தேனியில் மண்டபம் இருக்கிறது, அவர் ஊரான இங்கிலாந்தின் கேம்பர்லியிலும் 2022-இல் தமிழக அரசு சிலை வைத்தது. அந்த நன்றியில் தப்பில்லை. ஆனால் சுண்ணாம்பு சுமந்தவர், படகு தள்ளியவர், காய்ச்சலில் செத்தவர் ஆகியோருக்கு ஒரு சுவர்கூட இல்லாத காட்சி பாதிக் கதைதான் சொல்லும். நாவாய் அருங்காட்சியகத்துக்கும் இது பொருந்தும். பாண்டிய மன்னர் பெயர் பெரிய எழுத்தில் வரும், சரி. கலம் கட்டிய தச்சரும், முத்துக் குளித்தவரும், பாய் இழுத்த மாலுமியும் எந்தச் சுவரில் வருவார்கள்?

விசாகப்பட்டினத்தில் ஓய்வுபெற்ற கடற்படையினர் வழிகாட்டிகளாக இருப்பதுபோல, லோயர் கேம்ப்பில் ஓய்வுபெற்ற லஸ்கர்களும் மின் நிலைய ஊழியர்களும் இருக்கலாம். ராமநாதபுரத்தில் தோணி ஓட்டியவர்கள் இருக்கலாம். பலகை எழுதும்போதே இவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தால், தப்பும் குறையும்.

அடுத்து எதைக் கவனிக்க வேண்டும்?

ராமநாதபுரத்தில் எந்தப் பெரிய பொருள் வரப்போகிறது என்பது முதல் கேள்வி. 1914-இல் திறந்து, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நின்ற பழைய பாம்பன் பாலத்தின் ஷெர்சர் தூக்குப் பகுதியை நினைவுச் சின்னமாக வைக்க வேண்டும் என்ற குரல் ஏற்கெனவே எழுந்திருக்கிறது. அப்படி ஒரு பொருள் வந்தால், மேலே சொன்ன எடை, உப்பு, செலவு எல்லாம் அன்றைக்கே ஆரம்பமாகிவிடும்.

21 கோடி ரூபாய் கட்டுமானத்துக்கான எண். ஆண்டுப் பராமரிப்புக்கு எவ்வளவு, அதை எந்தத் துறை தரும், துரு பார்க்க யார் வருவார் என்பது டெண்டர் ஆவணத்திலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாமல் வந்த விக்ராந்துக்கு என்ன ஆனது என்று நாடே பார்த்தது.

தேனிக்காரர்களுக்கு இன்னொரு கேள்வி. வைகையின் கடைசி முனையில் நாவாய் அருங்காட்சியகம் வருகிறது என்றால், தண்ணீர் வந்த வழியைச் சொல்லும் இடம் ஆற்றின் தலைப்பகுதியில் எங்கே இருக்கப் போகிறது? அடுத்த ஜனவரி 15-க்கு மணிமண்டபத்துக்கு மாலையோடு வருகிற பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.